மறந்த சொல்லும் மறவாத கருவியும்

சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை மாலை, தேநீர்க் கோப்பையைக் கையில் எடுத்த வேளையிலே, வெள்ளவத்தையில் வசிக்கும் எங்கள் மாமி ஒருவரிடமிருந்து தொலைபேசி அழைப்பு வந்தது. மாமி வீண்பேச்சுப் பேசும் இயல்பினரல்லர். "தம்பி, ஒருக்கால் வந்திட்டுப் போக ஏலுமோ? அவர் வைச்ச சொல்லு ஒண்டு தெரியாமல் நிக்கிறம்" என்றார். அவ்வளவே.

"அவர்" என்பது மாமியின் கணவர். அவர் காலமாகி அப்பொழுது ஓராண்டு நிறைவெய்தும் தறுவாய். "சொல்லு" என்பது யாதென்று முச்சக்கரவண்டியில் ஏறி அமர்ந்த பின்னரே எனக்கு விளங்கிற்று. வீட்டிலுள்ள வைஃபை இணைப்பின் கடவுச்சொல்லைத்தான் மாமி குறிப்பிட்டார்.

நேயர்களே, இஃது என்ன பெரிய விஷயம் என்று நீங்கள் எண்ணக்கூடும். யானும் அவ்வாறே எண்ணிக்கொண்டுதான் மூன்றாம் மாடிக்குப் படியேறினேன். அங்கு சென்று நிலைமையை அறிந்த பிறகு எண்ணம் மாறிற்று.

மாமா உயிருடன் இருந்த காலத்தில் வீட்டின் கணக்கு வழக்குகள் யாவும் அவருடைய தலைக்குள்ளேயே இருந்தன. மின்சாரக் கட்டணம் எப்பொழுது செலுத்துவது, வங்கிப் புத்தகம் எந்த இழுப்பறையில் இருக்கிறது, எரிவாயுச் சிலிண்டர் எத்தனை நாளைக்கு வரும் என்பனவெல்லாம் அவருக்கே வெளிச்சம். எழுதிவைக்கும் வழக்கம் அவரிடம் இல்லை. நினைவாற்றலிலே அவருக்கு ஒரு பெருமிதம் இருந்தது. அப்பெருமிதத்துக்கு அவர் உரியவருந்தான். வைஃபைக் கருவியை வீட்டிற்குக் கொண்டுவந்து பொருத்தியபோது, அதன் அடியில் அச்சிட்டு வந்த கடவுச்சொல்லை நீக்கிவிட்டுத் தமக்கு இஷ்டமான ஒரு சொல்லை இட்டார். மாமியின் கைத்தொலைபேசியிலே அதைத் தாமே பதித்துக் கொடுத்தார். அதன்பின் ஆறு வருஷங்களாக எவரும் அச்சொல்லைக் கேட்கவுமில்லை. மாமிக்கு அதனைச் சொல்லும் அவசியம் நேரவுமில்லை.

இப்பொழுது மாமியின் கைத்தொலைபேசி முதுமையடைந்துவிட்டது. அதன் கண்ணாடி மேல்மூலையிலிருந்து நடுப்பகுதி வரைக்கும் வெடித்திருந்தது. பற்றரி ஒரு மணி நேரத்துக்கு மேல் தாங்குவதில்லை. சார்ஜர் பொருத்தும் வாயும் தளர்ந்துபோய், கையால் ஒரு பக்கம் அமுக்கிப் பிடித்தாற்றான் மின்சாரம் ஏறும். பேசிக்கொண்டிருக்கையிலே திடீரென்று அணைந்தும் விடும். இதனையறிந்த மகன், ரொறன்ரோவிலிருந்து வந்த ஒருவர் கையில் புதிய கைத்தொலைபேசி ஒன்றைக் கொடுத்தனுப்பியிருந்தார். அது வைஃபையில் சேர்வதற்குக் கடவுச்சொல்லைக் கேட்டது. வீட்டில் எவருக்கும் அது தெரியாது.

அடுத்த செவ்வாய்க்கிழமை மாமாவின் ஆட்டைத் திவசம். மகனுக்கு விடுமுறை கிடைக்கவில்லை. ஐயர் வந்து கிரியைகளை நடத்தும்போது, இங்கிருந்து தொலைபேசியின் மூலம் அவற்றைக் காணவேண்டும் என்பது அவருடைய விருப்பம். சிம் அட்டை வழியாகவும் இணையத்தைப் பெறலாமே என்று கேட்பீர்கள். பூசைக்குரிய உள்ளறையில் தொலைபேசி நிறுவனத்தின் அலை ஒரு கோட்டுக்கு மேல் எழுவதில்லை. இரண்டு மணி நேரம் படத்துடன் பேசினால் தரவுப் பொதியும் தாங்காது. ஆகவே வைஃபை இன்றியமையாததாயிற்று.

யான் உள்ளே நுழைந்தபோது, மேல்மாடியில் குடியிருக்கும் உயர்தர வகுப்பு மாணவன் ஒருவன் வைஃபைக் கருவியைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, மாமியின் தையற்பெட்டியிலிருந்து எடுத்த ஊசியோடு நின்றான்.

"மாமா, இதிலை ஒரு சின்ன ஓட்டை இருக்கு. ஊசியாலை பத்துச் செக்கன் அமத்தினால் பழைய சொல்லு அழிஞ்சுபோம். அடியிலை அச்சடிச்சிருக்கிற சொல்லாலை உள்ளுக்குப் போகலாம்."

அவன் கூறியது பொய்யன்று. அச்சிறு துவாரத்தின் உள்ளே இருக்கும் பொத்தானை அமுக்கினால், கருவி தொழிற்சாலையிலிருந்து வந்த நாளில் இருந்த நிலைக்கே திரும்பிவிடும். ஆயின் அழிவது கடவுச்சொல் மாத்திரமன்று. இணைய நிறுவனத்தார் அக்கருவியிலே பதித்துச் சென்ற பயனர்பெயர் முதலிய அமைப்புகளும் உடன் அழியும். சில வகைக் கருவிகள் நிறுவனத்திடமிருந்து அவற்றை மீளவும் தாமே பெற்றுக்கொள்ளும். வேறு சில, ஒருவர் வந்து பதிக்கும்வரை வாய்மூடி நிற்கும். எங்கள் கையிலிருந்தது எவ்வகையைச் சேர்ந்தது என்பது எங்களுள் எவருக்கும் தெரியவில்லை. நாளோ சனிக்கிழமை மாலை. ஞாயிற்றுக்கிழமை ஒருவரும் வரமாட்டார். திங்கட்கிழமை முறைப்பாடு கொடுத்தால், வருபவர் செவ்வாய்க்கிழமை காலையில் ஐயருக்கு முன்பாக வந்து சேர்வார் என்று எவ்வாறு நம்புவது? "தம்பி, ஊசியை மாமியிடம் கொடுத்துவிடு, அது கடைசி உபாயமாக இருக்கட்டும்" என்றேன்.

"சொல்லு எனக்குத் தெரியும்" என்று மாமி அப்பொழுது கூறியதுதான் வினோதம். "ஊரிலை எங்கடை வளவிலை நிண்ட கறுத்தக்கொழும்பானும், வீடு குடிபுகுந்த வருஷமும் எண்டு அவர் சொன்னவர். ஆனால் போட்டால் பிழை எண்டு சொல்லுது."

சொல் தெரியும், வருஷம் 1974 என்பதும் தெரியும். தெரியாதது, அதை ஆங்கில எழுத்தில் மாமா எவ்வாறு எழுதினார் என்பதே.

தமிழ்க் குடும்பங்களில் இந்தச் சங்கடம் சாதாரணமாக நிகழ்வது. ஆங்கிலேயன் ஒருவன் தன் நாயின் பெயரைக் கடவுச்சொல்லாக வைத்தால், மனைவி அதே பெயரைத் தட்டினால் கதவு திறக்கும். எமக்கோ சொல் தமிழ், எழுத்து ஆங்கிலம். கறுத்தக்கொழும்பான் என்பதிலுள்ள 'று'வுக்கு 'ஆர்' ஒன்றா, இரண்டா? 'த்த'வுக்கு 'ரீ', 'எச்' என்ற இணை ஒரு தடவையா, இரு தடவையா, அன்றி 'ரீ' இரண்டும் 'எச்' ஒன்றுமா? 'க்கொ'வுக்குக் 'கே' எத்தனை? 'ழு'வுக்கு 'எல்' போதுமா, 'இசட்' வேண்டுமா? 'ம்பா'வில் வருவது 'பீ'யா, 'பி'யா? ஈற்றிலுள்ள ஆகாரத்துக்கு 'ஏ' ஒன்றா, இரண்டா? முதலெழுத்துப் பெரியதா, சிறியதா? மாணவன் கொப்பியிலே கணக்கிட்டுப் பார்த்து, இவற்றை மாத்திரம் மாற்றி மாற்றி எழுதினாலும் 192 வகை வரும் என்றான். மூன்றை இரண்டால் ஆறு தடவை பெருக்கினால் 192, கணக்குச் சரியே. அவற்றுள் முப்பதுக்கு மேற்பட்டவற்றை அவர்கள் அன்று பிற்பகலிலேயே பரீட்சித்து முடித்திருந்தார்கள்.

"ஏறக்குறையச் சரியாக இருந்தால் விடாதோ?" என்று மாமி கேட்டார். விடாது. ஏன் விடாது என்பதை மாணவர்கள் அறிந்துகொள்வது நன்று.

கடவுச்சொல்லைக் கைத்தொலைபேசி வானலையில் உரக்கக் கூவி அனுப்புகிறது என்று பலர் நினைக்கிறார்கள். அவ்வாறு அனுப்பினால், அடுத்த வீட்டில் இருப்பவர் அதைக் கேட்டுக்கொள்ளலாமன்றோ? 2004ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்ததும், இன்றும் பெருவாரியான வீடுகளில் பயன்படுவதுமான முறையிலே நிகழ்வது வேறு. 8 முதல் 63 எழுத்துகள் வரை கொண்ட கடவுச்சொல்லையும், வைஃபையின் பெயரையும் ஒன்றுசேர்த்து, கைத்தொலைபேசி ஒரு கணிதச் செய்கையை 4096 தடவை திரும்பத் திரும்பச் செய்கின்றது. முடிவில் ஓர் இலக்கத் திறவுகோல் கிடைக்கின்றது. வைஃபைக் கருவியும் தன்னிடமுள்ள சொல்லைக்கொண்டு அதே திறவுகோலைப் பெற்று வைத்திருக்கின்றது. பின்பு இரண்டும் அத்திறவுகோலை வெளியிடாமலே, தம்மிடம் இருப்பது ஒன்றேதான் என்பதை ஒன்றுக்கொன்று நிரூபித்துக்கொள்கின்றன. 4096 தடவை கடைந்தெடுத்த பிறகு, ஓரெழுத்து வேறுபட்ட இரு சொற்களுக்கிடையே யாதோர் ஒற்றுமையும் எஞ்சுவதில்லை. 'எச்' ஒன்று குறைந்த சொல்லும், முற்றிலும் பிழையான சொல்லும் கருவிக்குச் சமமே. பரீட்சையிலே ஒரு மாணவன் எழுத்துப்பிழை விட்டால் அரைப் புள்ளியாவது போடும் ஆசிரியரின் இரக்கம் அதற்கு இல்லை.

கடவுச்சொல்லும் அதனால் வரும் தொல்லையும் கணினி உலகில் புதியனவல்ல. அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் தொழினுட்பக் கழகத்தில் 1961இல் பேர்னாண்டோ கோர்பட்டோ என்பவரின் தலைமையில், ஒரே கணினியைப் பலர் பங்கிட்டுப் பயன்படுத்தும் ஏற்பாடு ஒன்று உருவாயிற்று. அதிலே ஒவ்வொருவருக்கும் ஒரு கடவுச்சொல் கொடுக்கப்பட்டது. அடுத்த ஆண்டிலேயே அலன் ஷெர் என்ற ஆராய்ச்சி மாணவர், வாரத்துக்குத் தமக்குக் கிடைத்த 4 மணி நேரம் போதாமையால், எல்லாருடைய கடவுச்சொற்களையும் அச்சிட்டுத் தரும்படி அக்கணினியையே ஏவிப் பெற்றுக்கொண்டார். அவர் கண்டுகொண்ட உண்மை எமக்கும் வேண்டியதாயிற்று. மனிதரிடம் கேட்டு அலைவதிலும், சொல்லை வைத்திருக்கும் இயந்திரத்திடமே கேட்பது சுலபம்.

ஏனெனில் மாமியின் பழைய கைத்தொலைபேசி அந்தச் சொல்லை மறக்கவில்லை. நாள்தோறும் அது வைஃபையில் சேர்ந்துகொண்டே இருந்தது. சேர்கிறதென்றால் சொல் அதனுள்ளே இருக்கின்றது. ஆகவே நாம் தேடவேண்டிய இடம் மாமாவின் எழுத்துப் பழக்கமன்று. மாமியின் மடியிலே கிடந்த அக்கருவிதான்.

முன்னாளில் அதைக் கருவியிடமிருந்து பெறுவது எளிதன்று. இணைப்பைத் தருமேயன்றிச் சொல்லைக் காட்டாது. 2019ஆம் ஆண்டு வெளிவந்த அன்ட்ரொயிட் 10ஆம் பதிப்புக்குப் பின்னர் அந்நிலை மாறிற்று; ஐபோன்களில் 2022ஆம் ஆண்டின் ஐஓஎஸ் 16ஆம் பதிப்புடன் மாறிற்று. மாமியின் பழைய கைத்தொலைபேசி அன்ட்ரொயிட் வகையைச் சேர்ந்தது. அதன் பதிப்பைப் பார்த்தோம். நற்காலமாக 10 என்றே இருந்தது. அதற்கு முந்திய பதிப்பாக இருந்திருப்பின் இக்கட்டுரையை எழுதும் சந்தர்ப்பம் எனக்கு வாய்த்திராது.

பற்றரியில் 14 சதவீதம் எஞ்சியிருந்தது. மாணவன் சார்ஜர் வயரை ஒரு பக்கமாகச் சாய்த்து அமுக்கிப் பிடித்தான். யான் செற்றிங்ஸ் என்னும் அமைப்புகள் பகுதியைத் திறந்து, வலையமைப்பு, அதனுள்ளே வைஃபை என்று சென்றேன். தற்போது சேர்ந்திருக்கும் இணைப்பின் பெயருக்கு அருகே பற்சக்கரம் போன்ற சிறு படம் ஒன்று இருக்கும். அதைத் தொட்டால் விபரம் விரியும். அவ்விடத்தில் 'பகிர்' என்ற சொல்லைக் காணலாம். சில நிறுவனங்களின் கைத்தொலைபேசிகளில் 'பகிர்' என்பதற்குப் பதிலாகக் 'கியூஆர் குறியீடு' என்றே எழுதியிருக்கும். பெயர்களும் இடங்களும் நிறுவனத்துக்கு நிறுவனம் சிறிது வேறுபடும். ஆனால் செல்லும் வழி பெரும்பாலும் இதுவே.

'பகிர்' என்பதைத் தொட்டவுடன் கைத்தொலைபேசி, "நீ யார்?" என்று கேட்டது. அஃதாவது, விரலடையாளத்தையோ பூட்டின் எண்ணையோ கேட்டது. இது நியாயமான கேள்வி. மேசைமேல் மறந்துவைத்த கைத்தொலைபேசியை எடுத்து, வழிப்போக்கன் ஒருவன் வீட்டுச் சொல்லை அறிந்துகொள்ளக் கூடாதல்லவா? மாமி விரலை வைத்தார், ஏற்கவில்லை. துடைத்து வைத்தார், ஏற்கவில்லை. முதியோர் பலருக்கு விரல்நுனி ரேகைகள் தேய்ந்துபோவது இயல்பு. ஐம்பது வருஷம் அம்மியும் தேங்காய்ப்பூவும் கண்ட விரல் அது. பூட்டின் எண்ணை இடும்படி கூறினோம். அது மாமி தாமே வைத்த எண், உடனே இட்டார். அந்த நாலு இலக்கங்களையும் அவர் எவரிடமும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

திரையிலே கறுப்பும் வெள்ளையுமான சதுரங்கள் நிறைந்த குறியீடு தோன்றிற்று. இன்று கடைகளிலே பணம் செலுத்துவதற்கு ஒட்டி வைத்திருக்கிறார்களே, அதே இனத்தது. ஆனால் கண்ணாடியின் வெடிப்பு அக்குறியீட்டின் ஊடாகவே குறுக்கே ஓடிற்று. "உடைஞ்சுபோச்சே, வாசிக்குமோ?" என்றார் மாமி.

வாசிக்கும் என்றே யான் நம்பினேன். அதற்குக் காரணமுண்டு. இக்குறியீடு 1994இல் ஜப்பானிலே டென்சோ நிறுவனத்தில் மசாஹிரோ ஹரா என்ற பொறியியலாளரும் அவருடைய சகாக்களும் உருவாக்கியது. மோட்டார் வாகன உதிரிப்பாகங்களைத் தொழிற்சாலையிலே அடையாளங் காண்பதற்காக அதனைச் செய்தார்கள். தொழிற்சாலையில் எண்ணெயும் அழுக்கும் கீறலும் சகஜம். ஆகவே அதன் ஒரு பகுதி மறைந்தாலும் எஞ்சியதிலிருந்து முழுவதையும் கணித்தெடுக்கும்படி அமைத்தார்கள். எழுதும்போது தெரிந்தெடுக்கும் தரத்தைப் பொறுத்து, ஏறத்தாழ 7 சதவீதம் முதல் 30 சதவீதம் வரை சிதைந்தாலும் அதை மீட்கலாம். மூன்று மூலைகளிலும் காணப்படும் பெரிய சதுரங்கள், எப்பக்கம் திருப்பிப் பிடித்தாலும் குறியீடு எங்கே தொடங்குகிறது என்பதைக் கருவிக்கு உணர்த்துகின்றன. ஜப்பானியத் தொழிற்சாலையின் எண்ணெய்க் கறைக்கென்று செய்த ஏற்பாடு, வெள்ளவத்தையில் வெடித்த கண்ணாடிக்கு உதவிற்று. புதிய கைத்தொலைபேசியின் கமெராவை அதன்மீது பிடித்தோம். முதல் தடவை மௌனம். சிறிது விலக்கிப் பிடித்தோம். 'இணைக்கட்டுமா?' என்று அது கேட்டது. தொட்டோம், இணைந்தது. பற்றரி அப்பொழுது 9 சதவீதம்.

மாமி ஒன்றும் கூறவில்லை. சேலைத் தலைப்பினால் புதிய கைத்தொலைபேசியின் திரையை மெல்லத் துடைத்தார்.

குறியீட்டுக்குக் கீழே சிறிய எழுத்தில் அந்தச் சொல்லும் இருந்தது. எல்லாக் கைத்தொலைபேசிகளும் இவ்வாறு எழுத்தில் காட்டுவதில்லை. சில, குறியீட்டை மாத்திரம் காட்டும். அதனை வேறொரு கருவியின் கமெராவினாலோ, படத்தை வாசிக்கும் வசதியினாலோ வாசித்தால் உள்ளே பெயரும் சொல்லும் வெறும் எழுத்தாகவே இருக்கும். எமக்கு அந்தச் சிரமம் நேரவில்லை. மூவரும் தலைகளைச் சேர்த்துக் குனிந்து பார்த்தோம்.

அச்சொல்லை இங்கே எழுதுவதற்குத் தடையில்லை. வைஃபையின் சொல்லை மாற்றுவித்து, மாமியிடம் உத்தரவும் பெற்ற பின்னரே இதனை எழுதுகிறேன். மாமா 'கறுத்த' என்பதை மிகச் சிக்கனமாக, 'ரீ' ஒன்றும் 'எச்' ஒன்றும் இட்டுச் சிறிய எழுத்தில் எழுதியிருந்தார். கொழும்பானைத் தொடங்கிய எழுத்தோ 'கே' அன்று, பெரிய 'சீ'! ஆங்கிலத்திலே கொழும்பு நகரத்தின் பெயரை எவ்வாறு எழுதுவார்களோ, அவ்வாறே எழுதி, ஈற்றிலுள்ள 'ஓ'வை நீக்கிவிட்டு, 'ஏ'யும் 'என்'னும் சேர்த்திருந்தார். அதன்பின் 1974. ஆக மொத்தம் 19 எழுத்துகள். மாணவனுடைய 192 வகைகளுள் ஒன்றேனும் இதுவன்று. அந்த இரவு முழுவதும் விழித்திருந்து தட்டியிருப்பினும் நாம் அதனை எட்டியிருக்கமாட்டோம்.

"முப்பது வருஷம் கொழும்பிலை கந்தோருக்குப் போனவர், வேறை எப்படி எழுதுவார்?" என்று கூறி மாமி சிரித்தார். அன்று அவர் சிரித்ததை யான் முதன்முறையாகக் கண்டேன்.

ஐபோன் வைத்திருப்பவர்களுக்கும் வழியைக் கூறிவிடுகிறேன். அமைப்புகளில் வைஃபையைத் திறந்து, இணைப்பின் பெயருக்குப் பக்கத்தில் வட்டத்துள் இருக்கும் 'ஐ' எழுத்தைத் தொட்டால், கடவுச்சொல் புள்ளிகளாக மறைந்திருக்கும். அதனைத் தொட்டு, முகத்தையோ விரலையோ பூட்டின் எண்ணையோ கொடுத்தால் சொல் வெளிப்படும். முன்னொரு காலத்தில் சேர்ந்து, இப்பொழுது அருகில் இல்லாத இணைப்புகளின் சொற்களையும் அவ்விடத்திலேயே 'திருத்து' என்ற பகுதிக்குள் சென்று காணலாம்.

இதைத் தேடும்போது, மறந்த கடவுச்சொல்லை மீட்டுத் தருவோம் என்று பறைசாற்றும் செயலிகள் பல கண்ணிற்படும். அவற்றின் பக்கம் போகாதிருப்பதே உத்தமம். கைத்தொலைபேசி தன் சொற்களைப் பூட்டி வைத்திருக்கும் அறைக்குள் சாதாரணச் செயலி ஒன்று நுழைவதற்கு அனுமதியில்லை. அனுமதியில்லாத இடத்திலிருந்து எடுத்துத் தருவேன் என்பவன் ஒன்றில் பொய்யன். அன்றேல் உங்கள் கைத்தொலைபேசியின் பூட்டை உடைக்கச் சொல்பவன். கருவியே இலவசமாகக் காட்டுவதை அந்நியனிடம் கேட்பானேன்?

மற்றொன்று. குறியீட்டைப் படமாகப் பிடித்து உறவினர் எல்லாருக்கும் அனுப்புவோர் இருக்கிறார்கள். அப்படம் கடவுச்சொல்லேதான். அதில் மறைவு ஒன்றுமில்லை. கமெரா உள்ள எவரும் வாசிக்கலாம். அன்றியும், விருந்தாளி ஒருவருடைய கைத்தொலைபேசியில் ஒரு முறை சொல்லைப் பதித்துக் கொடுத்தால், அவர் அதனை இதே வழியில் இன்னொருவருக்குக் காட்டவும் முடியும். வருவோர் போவோர் அதிகமுள்ள வீடுகளில், விருந்தினருக்கெனத் தனி இணைப்பு ஒன்றை அமைக்கும் வசதி பல வைஃபைக் கருவிகளில் உண்டு. அதனைப் பயன்படுத்தலாம்.

சொல்லை எழுதி வைப்பது ஆபத்தென்று கூறுவோருடன் எனக்கு உடன்பாடில்லை. அலுவலகத்துக் கணினியின்மீது துண்டுக் கடதாசி ஒட்டுவது வேறு. வீட்டு அலுமாரிக்குள் ஒரு கொப்பியில் எழுதிவைப்பது வேறு. அந்தக் கொப்பியைத் தேடி இரவில் சுவரேறி வருபவன், வைஃபைக்காக வரமாட்டான். எழுதும்போது மாத்திரம், ஆங்கில எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பிரித்து, பெரியது சிறியது என்பதையும் குறித்து எழுதுங்கள். 'மாமரமும் வருஷமும்' என்று எழுதி வைத்தால் பிள்ளைகள் 192 தடவை தட்டவேண்டி வரும். வீட்டிலே ஒருவருக்கு மட்டுந்தான் தெரியும் என்ற நிலையும் வேண்டாம். இதனை வாசிக்கும் இல்லத்தலைவர்கள் சினங்கொள்ளாமல் இன்று மாலையே மனைவியிடம் ஒரு தடவை கேட்டுப் பார்க்கட்டும், இல்லத்தலைவிகளும் அவ்வாறே.

சொல்லை மாற்றவேண்டும் என்று யான் கூறியபோது மாமி தயங்குவாரென எதிர்பார்த்தேன். ஆறு வருஷத்தில் அது யார் யாரிடம் போய்ச் சேர்ந்திருக்கிறது என்று எமக்குத் தெரியாது. "மாத்துங்கோ தம்பி; மரம் நிக்குதுதானே" என்றார். புதிய சொல்லை மாமியே தெரிவு செய்தார். மாணவன் அதனை எழுத்தெழுத்தாகக் கணக்குக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எழுதி, பெரிய எழுத்துகளின் கீழே சிவப்புக் கோடிட்டான்.

செவ்வாய்க்கிழமை திவசம் குறைவின்றி நடைபெற்றது. கனடாவில் அப்பொழுது திங்கட்கிழமை இரவு. மகன் தமது அறையிலே வேட்டியுடன் அமர்ந்து, ஐயர் கூறிய மந்திரங்களைத் தாமும் கூறினார். பிண்டம் இடும் வேளையில் புதிய கைத்தொலைபேசியைப் பிடித்துக்கொண்டு நின்றவன் அந்த மாணவனே. பழைய கைத்தொலைபேசி அன்றைய தினம் முற்றாக அணைந்துவிட்டது; பின்னர் எழவில்லை.

சாப்பாட்டுக்குப் பின் எல்லாரும் போனதும் மாமி அலுமாரியைத் திறந்து வேறொரு கைத்தொலைபேசியைக் கொண்டுவந்து என் முன்னே வைத்தார். அது மாமாவினுடையது. அதன் பூட்டின் எண் எவருக்கும் தெரியாது. கடைசியாக ஊருக்குப் போனபோது அவர் எடுத்த படங்கள் அதிலே இருக்கின்றன என்று மாமி எண்ணுகிறார். "இதுக்கும் ஏதும் வழி இருக்குதோ, தம்பி?"

வைஃபையின் சொல்லைக் காட்டுவதற்கு முன்பு கைத்தொலைபேசி கேட்டது இந்தப் பூட்டின் எண்ணைத்தான். பூட்டே திறவாதபோது, உள்ளிருப்பவை யாவும் மறைகுறியாக மாற்றப்பட்டே கிடக்கின்றன. பிழையான எண்ணைப் பல தடவை இட்டால் ஒவ்வொரு தடவையும் காத்திருக்கும் நேரம் நீளும். முழுவதையும் அழித்துவிட்டுக் கைத்தொலைபேசியைப் புதிதுபோலப் பாவிக்கலாம், படங்கள் போய்விடும். மாமாவின் கணக்கில் அவற்றின் பிரதிகள் எங்கேனும் சேமிக்கப்பட்டிருந்தால் மாத்திரம் ஒரு நம்பிக்கை உண்டு. மகனிடம் அக்கணக்கின் விபரத்தைக் கேட்டிருக்கிறோம், அவர் தேடிக்கொண்டிருக்கிறார்.

அழித்துப் பயன்படுத்தட்டுமா என்று மருமகன் முறையான ஒருவர் கேட்டாராம். இப்போதைக்கு வேண்டாம் என்று மாமி கூறிவிட்டார். கைத்தொலைபேசியை மீண்டும் துணியிற் சுற்றி, கணக்குக் கொப்பிக்குப் பக்கத்தில் வைத்து அலுமாரியைப் பூட்டினார்.